தாது வருஷத்துக்கு எத்தனை தேதி?

கொங்கு நாட்டுல பஞ்சம்னு பேச்சு வந்தா அது தாது வருஷப் பஞ்சம்தான். அதுக்கு முன்னாடியும் பஞ்சம் வந்திருக்கு, பின்னாடியும் வந்திருக்கு. ஆனா கும்மிப் பாட்டாவும், சோத்தைச் சிந்தற பேரப்பிள்ளைகளை அப்பத்தாக்கள் திட்டற திட்டாவும் நின்னு போனது இது ஒண்ணுதான்.

சரி, தாது வருஷம்னா எப்போ? கணக்கு சுலபம். 1987-ல பிரபவ வந்தது. அதுக்கு ரெண்டு சுத்து முன்னாடி, 1867-லயும் பிரபவ. அங்கிருந்து பத்தாவது வருஷம் தாது. அதாவது 1876 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 1877 ஏப்ரல்ல முடியுது. அடுத்தது ஈஸ்வர, அதுக்கடுத்தது வெகுதானிய.

இங்கதான் ஒரு சிக்கல். புஸ்தகங்கள்ல இந்தப் பஞ்சத்துக்கு 1876-78ன்னு போட்டிருக்கு. மொத்தம் மூணு வருஷம் ஆகுது. நம்ம ஜனங்க வெச்ச பேர்ல ஒரே வருஷம்தான் இருக்கு. யார் சொல்றது சரி? ரெண்டு பேரும் சரிதான்னு நான் சொல்லப் போறேன். ரெண்டு பேரும் பார்க்கிற தேதி வேற வேற, அவ்வளவுதான். அதைப் புரிஞ்சுக்க, இன்னைக்கு ஆபீஸ்ல ரிப்போர்ட் தயார் பண்றவங்க தினம் முட்டிக்கிற ஒரு பிரச்சினை ரொம்ப உதவியா இருக்கு: ஒரே படத்துல ரெண்டு தேதி நிரலை மாசவாரியா எப்படிப் போடறது?

முதல்ல நடந்ததைப் பார்த்திடலாம்.

1876-ல சென்னை ராஜதானியோட பெரும்பகுதியில தென்மேற்குப் பருவமழையும் போச்சு, வடகிழக்குப் பருவமழையும் போச்சு. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோளத்துக்கும் கம்புக்கும் கிணத்துக்கும் உயிர். அது போனதும் தை மாசத்துக்குள்ள குதிர் காலி. பள்ளிக்கூடப் பாடம் இதோட முடிஞ்சிடும். மழை பெய்யல, பஞ்சம் வந்தது, மக்கள் மாண்டாங்க, அடுத்த பாடம்.

ஆனா அந்தக் காலத்து ராஜதானி பிறப்பு இறப்புப் பதிவைப் பாருங்க. வருஷவாரிக் கணக்கு அப்பவே அச்சாகியிருக்கு.

1876: பிறப்பு 6,32,113, இறப்பு 6,80,381.
1877: பிறப்பு 4,77,447, இறப்பு 15,56,312.
1878: பிறப்பு 3,48,346, இறப்பு 8,10,921.
1879: பிறப்பு 4,76,307, இறப்பு 5,48,158.

(இது ராஜதானி முழுசுக்கும். கோயமுத்தூர் ஜில்லாவுக்கு மட்டும் இல்லை. அப்புறம், அந்தக் காலப் பதிவுல விட்டுப் போனதுதான் நிறைய. மூணு கோடிக்கு மேல ஜனம் இருந்த ராஜதானியில வருஷத்துக்கு ஆறே லட்சம் குழந்தைகதான் பிறந்துதுன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதனால ஒவ்வொரு எண்ணையும் தனியா நம்பாதீங்க. ஏறி இறங்கற போக்கை மட்டும் பாருங்க.)

இறப்பு நிரலோட உச்சம் 1877. பிறப்பு நிரலோட அடிமட்டம் 1878. ரெண்டும் ஒரே வருஷத்துல இல்லை. இதைக் கவனிக்காம தாண்டிப் போயிடக் கூடாது.

காரணம் யாருக்கும் புரியக்கூடியதுதான். சாவுக்குத் தவணை கிடையாது. பசி, காலரா, அம்மை எல்லாம் வந்த வேகத்துலயே ஆளைக் கொண்டு போயிடும். பிறப்பு அப்படி இல்லை. பத்து மாசம் சுமந்து பெத்தேன்னு சொல்றோமே, அந்தப் பத்து மாசம் நடுவுல நிக்குது. 1877 புரட்டாசியில வயித்துக்கு இல்லாம, புருஷன் ஒரு ஊர்ல ரோட்டு வேலைக்கும் பெண்டாட்டி ஒரு ஊர்ல கஞ்சித்தொட்டிக்கும் போனாங்கன்னா, அந்த நஷ்டம் பதிவேட்டுல தெரியறது 1878 நடுவுலதான். அதுவும் எப்படித் தெரியும்? எழுதாத வரியாத்தான் தெரியும். பிறக்காத பிள்ளைக்கு யார் பேர் எழுதுவாங்க?

1876-ஐ அளவா வெச்சு அடுத்த மூணு வருஷத்துல குறைஞ்ச பிறப்பை மட்டும் கூட்டினா 5,94,239 வருது. கிட்டத்தட்ட ஆறு லட்சம். இவங்க பஞ்சத்துல செத்தவங்க கணக்குல எங்கேயும் வர மாட்டாங்க. ஒரு பகுதி, குழந்தை பெத்திருக்க வேண்டியவங்களே செத்துப் போனதால. ஒரு பகுதி, பதிவு விட்டுப் போனதால. மிச்சம், பசியும் பிரிவும்.

இப்போ தமிழ் வருஷத்துக்கு வாங்க. மழை பொய்ச்சது தாதுவில. சாவு தாதுவோட கடைசியில ஏற ஆரம்பிச்சு ஈஸ்வரவுல வெறியாட்டம் ஆடுச்சு. தொட்டில் ரொம்பக் காலியா இருந்த 1878-ல ஏப்ரலுக்கு அப்புறம் நடந்தது வெகுதானிய வருஷம். பேரைக் கவனிச்சீங்களா? வெகு தானியம்! தானியம் நிறைஞ்ச வருஷம்னு பேர் வெச்ச வருஷத்துலதான் பிள்ளைச் சத்தம் குறைஞ்சு போச்சு.

ஆக நம்ம முன்னோர் பஞ்சத்துக்குப் பேர் வெச்சது சாவோட தேதியை வெச்சு இல்லை. மழை போன தேதியை வெச்சு. காரணம் நடந்த தேதியை அவங்க பிடிச்சுக்கிட்டாங்க. விளைவு முடிஞ்ச தேதி வரைக்கும் சர்க்கார் எழுதுச்சு. ரெண்டும் சரி.

இதையே பத்து வருஷத்துக்கு ஒருதரம் எடுக்கிற ஜனத்தொகைக் கணக்கை வெச்சுப் பார்த்தா என்ன தெரியும்? அன்றைய கோயமுத்தூர் ஜில்லா இன்றையதை விட ரொம்பப் பெரிசு. ஈரோடு, தாராபுரம், கரூர், பவானி, கொள்ளேகால் எல்லாம் அதுக்குள்ளதான். (கரூர் 1910-ல திருச்சிக்குப் போச்சு. கொள்ளேகால் 1956-ல மைசூருக்குப் போச்சு. ஈரோடு 1979-ல தனி மாவட்டம் ஆச்சு. திருப்பூர் 2009-ல.) அந்த ஜில்லாவுல 1871-ல 17,63,274 பேர். 1881-ல 16,57,690 பேர். சுமார் 6 சதவீதம் குறைவு. பக்கத்து சேலம் ஜில்லா இன்னும் மோசம். 19,66,995 பேர் இருந்த இடத்துல 15,99,595. கிட்டத்தட்ட 19 சதவீதம்.

கோயமுத்தூர் ஓரளவு தாங்கினதுக்குக் கிணத்துத் தோட்டங்களும், பவானி, அமராவதி, நொய்யல் வாய்க்கால் பாசனமும் ஒரு காரணமா இருக்கலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்க நான் சொல்ல வர்றது வேற. இந்த 6 சதவீதங்கிறது ரெண்டு போட்டோவுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு போட்டோ சொல்லாது. எத்தனை பேர் செத்தாங்க, எத்தனை பேர் சிலோன் காப்பித் தோட்டத்துக்கும் வேற ஊருக்கும் போனாங்க, பஞ்சம் முடிஞ்சு 1879, 80-ல பிறந்த குழந்தைக எத்தனை பள்ளத்தை மூடினாங்க, எல்லாம் ஒரே எண்ணுக்குள்ள கலந்து கிடக்கு. உண்மையான பள்ளம் இந்த 6-ஐ விட ஆழம்னு மட்டும் சொல்லலாம். ஏன்னா கணக்கெடுக்க வந்தப்போ பாதி மூடியிருந்துச்சு.

1878 மார்ச்சிலயே பஞ்சம் பாதிச்ச சில தாலுக்காக்கள்ல மட்டும் ஒரு சோதனைக் கணக்கெடுப்பு நடந்துச்சு. சர்க்காருக்கே 1881 வரைக்கும் காத்திருக்க முடியல. அப்போ ராஜதானியோட சானிட்டரி கமிஷனரா இருந்தவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். பிறப்பு இறப்புக் கணக்கு எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். பட்டினிச் சாவு விஷயத்துல மேலிடத்தை எதிர்த்து எழுதினவரும் அவர்தான்.

என்ன எதிர்ப்புன்னு கேட்டா, இந்தக் கதை ஏன் மாசவாரியா பார்க்கப்படணும்னு புரியும். வைஸ்ராய் லிட்டன் பிரபு, செலவைக் குறைக்கச் சொல்லி சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். 1877 ஜனவரியில டெம்பிள் சென்னை வந்தார். நிவாரண வேலை செய்யற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் (சுமார் 450 கிராம்), கூட ஒரு அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதை விடக் குறைச்சல். மண்ணு வெட்டிக் கல்லுடைக்கிற ஆளுக்கு! இதுக்கு டெம்பிள் கூலின்னே பேர் நின்னு போச்சு. ஒண்ணரை ராத்தலாவது வேணும், பருப்பும் காய்கறியும் வேணும்னு கார்னிஷ் வாதாடினார். மார்ச் மாசம் சென்னை அரசாங்கம் பாதி இறங்கி வந்து ஒண்ணேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும்னு ஏத்துச்சு.

ஜனவரியில குறைச்சாங்க, மார்ச்சுல ஏத்தினாங்க. வருஷக் கணக்குப் போட்டா ரெண்டும் 1877ங்கிற ஒரே தூணுக்குள்ள அடங்கிடும். பத்து வருஷக் கணக்குல அதுவும் காணாமப் போயிடும். யார், எந்த மாசம், என்ன முடிவெடுத்தாங்கன்னு கேட்கணும்னா மாசம் வேணும். கூலியைக் குறைச்சதாலதான் இத்தனை பேர் செத்தாங்கன்னு ஒரு கோட்டை மட்டும் வெச்சுச் சொல்லிட முடியாது. அதே குளிர்காலத்துல காலராவும் சேர்ந்து அடிச்சுது. ஆனா கேள்வி கேட்கவாவது மாசம் வேணும், இல்லீங்களா?

இனி அந்தப் படத்தை எப்படிப் போடறதுன்னு பார்ப்போம்.

காலத்தைக் கீழே படுக்க வெச்சு, ரெண்டு கோட்டை ஒரே சட்டத்துக்குள்ள ஓட விட்ட பெருமை வில்லியம் பிளேஃபேருக்கு. 1786-ல லண்டன்ல அவர் போட்ட புஸ்தகத்துல இங்கிலாந்தோட இறக்குமதி ஒரு கோடு, ஏற்றுமதி ஒரு கோடு. கீழே வருஷம். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் லாப நஷ்டம். அப்புறம் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல கிரிமியா யுத்தத்துச் சிப்பாய்களோட சாவை மாசம் மாசமா பிரிச்சு, வட்டத்தைச் சுத்தி இதழ் இதழா வரைஞ்சு காட்டினார். குண்டுபட்டுச் செத்தவங்களை விட ஆஸ்பத்திரி நோய்ல செத்தவங்க ஜாஸ்தின்னு மந்திரிகளுக்குப் புரிய வெச்சது அந்தப் படம். (இதே அம்மா பிற்பாடு நம்ம பஞ்சத்தைப் பத்தியும் எழுதியிருக்காங்க.)

பிளேஃபேருக்கு ஒரு சௌகரியம் இருந்துச்சு. அவர்கிட்ட ரெண்டு நிரலும் ஏற்கெனவே வருஷவாரியா கூட்டி வந்துச்சு. இன்னைக்கு நமக்கு வர்றது அப்படி இல்லை. ஒரு வரிக்குள்ளயே ரெண்டு தேதி இருக்கும். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்குங்க. ஆர்டர் நம்பர், ஆர்டர் வந்த தேதி, சரக்கு அனுப்பின தேதி. ஏப்ரல்ல வந்த ஆர்டர் ஜூலையில கப்பல் ஏறுது. முதலாளி கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "மாசா மாசம் எத்தனை ஆர்டர் வந்துச்சு, எத்தனை போச்சு, ஒரே படத்துல காட்டுப்பா."

கேட்க சின்ன விஷயம். செய்யப் போனா மூணு குழி இருக்கு.

முதல் குழி: ஆர்டர் தேதியை அச்சுல வெச்சுட்டு, ரெண்டு நிரலையும் எண்ணச் சொல்றது. அப்போ ஜூலையில போன சரக்கு ஏப்ரல் கணக்குல விழும். ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்டு ஓடும். பார்க்க அழகா இருக்கும், அத்தனையும் தப்பு. ஏப்ரல்ல வந்த ஆர்டர்ல எத்தனை இதுவரைக்கும் போயிருக்குங்கிற வேற கேள்விக்கான பதில் அது.

ரெண்டாவது குழி: மாசத்தை மட்டும் எடுத்துட்டு வருஷத்தை விட்டுடறது. எக்செல்ல பிவட் போட்டு மாசத்தால மட்டும் குழு சேர்த்தா 1877 ஜனவரியும் 1878 ஜனவரியும் ஒரே ஜனவரி ஆயிடும். பஞ்ச வருஷத்துச் சாவும் நல்ல வருஷத்துச் சாவும் கலந்து, பஞ்சமே நடக்காத மாதிரி ஒரு படம் கிடைக்கும்.

மூணாவது குழிதான் ஆபத்தானது: ஒரு மாசத்துல ஒண்ணுமே நடக்கலைன்னா அந்த மாசமே படத்துல இருக்காது. மார்ச்சுக்கு அடுத்து மே வந்து உட்கார்ந்துக்கும். மென்பொருளுக்குத் தெரிஞ்சது எழுதின வரி மட்டும்தான். எழுதாத மாசம் அதுக்குப் பிறக்கவே இல்லை.

மூணு குழிக்கும் ஒரே பலகைதான். தனியா ஒரு காலண்டர் அட்டவணை. ஆர்டரும் வேண்டாம், சரக்கும் வேண்டாம். தேதி மட்டும் நாள் விடாம வரிசையா. பக்கத்துல அதோட மாசம், வருஷம். இந்தக் காலண்டரை அச்சுல வெச்சு, ரெண்டு தேதி நிரலையும் அதோட இணைக்கணும். பவர் பிஐ மாதிரி மென்பொருள்ல ஒரு நேரத்துல ஒரு இணைப்புதான் நடப்புல இருக்கும். இன்னொண்ணு புள்ளிக்கோடா தூங்கிக்கிட்டு இருக்கும். ரெண்டாவது எண்ணிக்கைக்கு மட்டும் யூஸ்ரிலேஷன்ஷிப்னு ஒரு சூத்திரம் போட்டு அதை எழுப்பிக்கணும். அந்த மென்பொருள் ஒவ்வொரு தேதி நிரலுக்கும் ரகசியமா ஒரு காலண்டரைத் தானே செஞ்சு வெச்சுக்கிற பழக்கமும் உண்டு. ரெண்டு நிரலுக்கு ரெண்டு காலண்டர் ஆனா ரெண்டும் எங்க சேரும்? அதை அணைச்சுட்டு நம்ம காலண்டரைப் பொதுவா வைக்கறது நல்லது. சாதா எக்செல்தான்னா இன்னும் பழைய வழி ஒண்ணு இருக்கு. ரெண்டாவது நிரலை வெட்டி முதல் நிரலுக்குக் கீழேயே ஒட்டுங்க. பக்கத்துல "வந்தது", "போனது"ன்னு ஒரு வகை நிரல். ஒரு வரி ரெண்டு வரி ஆயிடும், ஆனா தேதி நிரல் ஒண்ணே ஒண்ணு ஆயிடும். அப்புறம் பிவட் சொன்ன பேச்சு கேட்கும்.

யோசிச்சுப் பார்த்தா தாது வருஷத்து ஆளுகளுக்கு இந்தப் பிரச்சினை பாதிதான் இருந்துச்சு. மணியக்காரரும் கர்ணமும் எழுதி அனுப்பினதுல பிறப்பு தனி, இறப்பு தனி. ரெண்டையும் சேர்த்தது மாசம். கிராமத்துல இருந்து தாலுக்கா, தாலுக்காவுல இருந்து ஜில்லா, அங்கிருந்து சென்னைன்னு மாசா மாசம் மேலே போன அந்தப் படிவம்தான் அவங்களோட காலண்டர் அட்டவணை.

அந்த மாசக் கணக்குகளைத் தோண்டி எடுத்து முறையா ஆராய்ஞ்சவர் டிம் டைசன்னு ஒரு ஆங்கிலேய மக்கள்தொகை ஆய்வாளர். தெற்காசியப் பஞ்சங்களைப் பத்தி 1991-ல அவர் எழுதின கட்டுரையில சென்னைப் பஞ்சமும் ஒண்ணு. அவர் செஞ்ச காரியம் எளிமையானது. பிறப்பு நிரலை அப்படியே ஒன்பது மாசம் பின்னாடி தள்ளினார். 1878 ஜூன்ல பிறந்த பிள்ளை 1877 செப்டம்பருக்குப் போயிடும். அதாவது பிறந்த தேதிக்குப் பதிலா கருத்தரிச்ச தேதி. அப்புறம் அதையும் இறப்பையும் ஒரே மாச அச்சுல வெச்சார்.

நகர்த்தாம பார்த்தா, சாவு ஓய்ஞ்சதுக்கப்புறம் பிறப்பு குறையற மாதிரி தெரியும். நகர்த்திப் பார்த்தா ரெண்டும் எதிரெதிரா, ஒண்ணு ஏற ஒண்ணு இறங்குது. இன்னும் கூர்ந்து பார்த்தா, சாவு உச்சத்துக்குப் போறதுக்கு முன்னாடியே கருத்தரிப்பு இறங்க ஆரம்பிச்சிடுது. பல பஞ்சங்கள்ல இதே கதைதான்னு அவர் காட்டறார். தானிய விலை ஏறும்போதே குடும்பங்களுக்கு வரப் போறது தெரிஞ்சிருக்கு. சாவு எண்ணிக்கையைப் பார்த்துச் சர்க்கார் பதறினது அப்புறம். லிட்டன் பிரபு சென்னைப் பக்கம் எட்டிப் பார்த்ததும், லண்டன்ல மேன்ஷன் ஹவுஸ் நிதி திரட்ட ஆரம்பிச்சதும் 1877 ஆகஸ்ட்லதான். அப்போ தாது முடிஞ்சு நாலு மாசம் ஆயிருந்துச்சு.

இன்னொண்ணும் அந்தப் படத்துல தெரியுது. மழை வந்த உடனே சாவு நிக்கறதில்லை. 1877 பிற்பகுதியில மழை திரும்பினதும் மலேரியாக் காய்ச்சலும் கூடவே வந்துச்சு. எலும்பும் தோலுமா இருந்த உடம்பு அதைத் தாங்கல. மழை வந்தா பஞ்சம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறது மழைத் தேதியை மட்டும் பார்க்கிற புத்தி.

நம்ம ஊர்ல காலண்டர் அட்டவணை செய்யறவங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. தாது வருஷம் சித்திரையில ஆரம்பிக்குது. இங்கிலீஷ் வருஷம் ஜனவரியில. ரெவின்யூ கணக்கு ரெண்டும் இல்லாம பசலியில ஓடுது. ஜூலை முதல் ஜூன் வரை. இன்னைக்கும் ஜமாபந்தி பசலியிலதான். 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை பசலி 1286. ஆக தாது வருஷத்தோட முதல் ரெண்டரை மாசம் பசலி 1285-லயும் மீதி 1286-லயும் போயிடும். பிறப்பு இறப்பு ஒரு காலண்டர்ல, வரி தள்ளுபடி ஒரு காலண்டர்ல, ஜனங்க நினைவு ஒரு காலண்டர்ல. மூணையும் ஒரே படத்துல வைக்கணும்னா, காலண்டர் அட்டவணையில ஒவ்வொரு நாளுக்கும் மூணு பேரையும் எழுதி வெச்சுக்கணும். நாள் வரைக்கும் தேதி இருந்தாத்தான் இது நடக்கும். தமிழ் மாசம் இங்கிலீஷ் மாசத்தோட நடுவுல பிறக்கிறதால, மாசக் கூட்டுத்தொகையா வந்ததை வெட்டிப் பிரிக்க வழியே இல்லை. அதனாலதான் சொல்றேன், தேதியை மாசமா சுருக்கி மட்டும் சேமிச்சு வைக்காதீங்க. சுருக்கறது எப்ப வேணும்னாலும் செய்யலாம், விரிக்க முடியாது.

கடைசியா அந்த மூணாவது குழிக்குத் திரும்பி வர்றேன். காணாமப் போன மாசத்துக்கு சைபர் போட்டுக் காட்டலாம்னு மென்பொருள்ல வசதி இருக்கு. பனியன் கம்பெனிக்கு அது சரி. சரக்குப் போகலைன்னா சைபர்தான். பஞ்சப் பதிவேட்டுக்கு அது சரியா?

பஞ்சத்துல ஜனங்க ஊர்ல இருந்து சாகல. குடும்பத்தோட கிளம்பிட்டாங்க. ரோட்டு ஓரத்துல, நிவாரண முகாம்ல, பேர் தெரியாத ஊர்ல விழுந்தாங்க. சொந்த ஊர் ஏட்டுல அவங்க சாகவே இல்லை. விழுந்த ஊர்ல அவங்க யாருன்னு தெரியாது. ஏடு எழுதுற கைக்கும் அதே பஞ்சம்தான். சாவு அதிகமான மாசத்துலயே பதிவும் அதிகமா விட்டுப் போகும். அப்படிப்பட்ட மாசத்துக்கு நாம சைபர் போட்டா, மோசமான மாசம் நல்ல மாசமா மாறிடும். "யாரும் சாகல"ங்கிறதும் "யாரும் எழுதல"ங்கிறதும் ஒண்ணில்லை. படத்துல ரெண்டுக்கும் வேற வேற அடையாளம் வேணும்.

இது பழங்கதை இல்லை. ராஜதானியில பிறப்பு இறப்புப் பதிவுக்குன்னு 1899-ல சட்டம் வந்துச்சு. இப்போ இருக்கிறது 1969-ம் வருஷச் சட்டம், தமிழ்நாட்டுல 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. உங்க வீட்டுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க, அதுலயும் ரெண்டு தேதி இருக்கும். பிறந்த தேதி ஒண்ணு, பதிவு செஞ்ச தேதி ஒண்ணு. 21 நாளைக்குள்ள பதியணும், தாண்டினா கட்டணம், அனுமதின்னு ஒவ்வொரு படியா ஏறணும். எந்தத் தேதியால மாசக் கணக்குப் போடறோம்கிறதைப் பொறுத்துப் படம் மாறும்.

கொரோனா காலத்துல இதைக் கண் முன்னாடி பார்த்தோம். 2020 ஜூலை 22 அன்னைக்குத் தமிழ்நாட்டு அறிக்கையில, முன்னாடி கணக்குல விட்டுப் போன 444 சாவுகளை ஒரே நாள்ல சேர்த்தாங்க. அந்தச் சாவுகள் நடந்தது ஜூலை 22-ல இல்லை. மார்ச்சுக்கும் ஜூன் பத்தாம் தேதிக்கும் நடுவுல, சென்னையில. அறிவிச்ச தேதியால படம் போட்டா ஜூலையில ஒரு கோபுரம் எழும்பும். செத்த தேதியால போட்டா முந்தின மாசங்கள் உயரும். அந்த முந்தின மாசங்கள்லதான் நிலைமை கட்டுக்குள்ள இருக்குதா இல்லையான்னு எல்லாரும் தினசரி எண்ணைப் பார்த்து விவாதம் பண்ணிக்கிட்டு இருந்தோம். ரெண்டு தேதி நிரல்ல எதை எடுக்கிறோம்கிறது வெறும் படம் போடற விஷயம் இல்லை.

அதனால மாசவாரிப் படம் எதைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேட்டுப் பழகிக்கணும். இந்த மாசம் எதோட மாசம்? நடந்ததோடதா, எழுதினதோடதா? எழுதாத மாசம் எங்க போச்சு?

தாதுன்னு பேர் வெச்ச நம்ம ஆளுகளுக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருந்துச்சு. நடந்தது எப்ப ஆரம்பிச்சதுன்னு பார்த்து மழை போன வருஷத்தோட பேரை வெச்சாங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில் எந்த ஏட்டுலயும் இல்லை. ஊரை விட்டுக் கிளம்பிப் போய் எங்கேயோ விழுந்தவங்களையும், வெகுதானியவில பிறக்காமப் போன பிள்ளைகளையும் எழுத அந்தக் காலத்துல ஒரு கட்டமே கிடையாது.